வெட்டினாலும் திரும்பி வரும் களை: மேய்ச்சல் காட்டைப் புல்லுக்கு மீட்பது எப்படி

காங்கேயம், வெள்ளகோவில், மூலனூர், தாராபுரம் வட்டாரத்துக் கொரங்காடுகள் என்னும் மேய்ச்சல் காடுகள் குறைந்த மழையை நம்பி உருவானவை. தரையில் கொழுக்கட்டைப் புல், நடுநடுவே வெள்வேல், சுற்றிலும் கிளுவை வேலி. காங்கேயம் மாடுகளையும் மேச்சேரிச் செம்மறிகளையும் தலைமுறை தலைமுறையாகத் தாங்கியது இந்த அமைப்புதான். இன்று அதே வட்டாரத்தில் புல் இளைத்த காடு எதற்குள் நுழைந்தாலும் இரண்டு செடிகள் கண்ணில் படும்: மழைக்குப் பின் வெள்ளைப் பூவோடு பார்த்தீனியம், வேலியோரத்திலும் பள்ளத்திலும் சீமைக்கருவேலம். மலையடிவாரத்துக்குப் போனால் மூன்றாவதாக உண்ணிச்செடி.

மூன்றையும் ஒரே மாதிரி நினைத்து 'களை எடுப்பு' என்று ஒரே வேலையாகச் செய்வதால்தான் செலவு செய்த காடு இரண்டே வருடத்தில் பழைய நிலைக்குத் திரும்புகிறது. ஒவ்வொன்றும் திரும்பி வரும் வழி வேறு. பார்த்தீனியம் மண்ணில் கிடக்கும் விதையிலிருந்து வருகிறது. சீமைக்கருவேலம் அடிக்கட்டையிலிருந்தும் சாணத்திலிருந்தும் வருகிறது. உண்ணிச்செடிக்குத் தண்டும் வேரும் சேரும் கழுத்தும், பழம் தின்னும் பறவையும். அந்த வழியை அடைக்காமல் மேலே தெரிவதை மட்டும் வெட்டுவது, பெரும்பாலும் செடியைக் கவாத்து செய்துவிட்டதாகவே முடியும்.

பார்த்தீனியம்: நாள் கணக்கு

வெப்ப மண்டல அமெரிக்காவிலிருந்து வந்த இந்தச் செடி இந்தியாவில் முதலில் கவனிக்கப்பட்டது 1955-இல், புனேயில். இறக்குமதிக் கோதுமையோடு வந்திருக்கும் என்பது பரவலான கருத்து. முளைத்து நான்கிலிருந்து ஆறு வாரத்தில் பூத்துவிடும். ஒரு செடி 15,000 முதல் 25,000 விதை வரை உதிர்க்கும். விதை மணல் பொடி அளவுதான். காற்றில் போகும், ஓடைத் தண்ணீரில் போகும், மாட்டின் குளம்புச் சேற்றிலும் டிராக்டர் டயரிலும் ஒட்டிக்கொண்டு போகும். மண்ணுக்குள் புதைந்த விதை பல ஆண்டுகள் முளைப்புத் திறனோடு கிடக்கும். ஆகவே ஒரு தடவை சுத்தமாகப் பிடுங்கிய காட்டில் அடுத்த மழைக்குப் பச்சைக் கம்பளமாக முளைத்தால், பிடுங்கியவர்கள் சரியாகச் செய்யவில்லை என்று கோபப்பட வேண்டியதில்லை. முளைப்பது பழைய வருடங்களின் இருப்பு.

மாடு இதை விரும்பித் தின்னாது. புல்லே இல்லாதபோது தின்னும். செடியில் உள்ள பார்த்தீனின் என்ற பொருள்தான் சிக்கல்: தோல் அரிப்பு, முடி உதிர்வு, வாயில் புண், கழிச்சல். பாலிலும் கசப்பு ஏறும். தீவனத்தில் கணிசமான பங்கு பார்த்தீனியமாகக் கொடுத்துப் பார்த்த சோதனைகளில் கால்நடைகள் இறந்திருக்கின்றன. மனிதர்களுக்குத் தோல் ஒவ்வாமையும் மூச்சிரைப்பும் வரும். ஒரு தடவை ஒவ்வாமை வந்தவருக்கு அடுத்த தடவை இன்னும் எளிதாக வரும். அப்படிப்பட்டவரைக் கையுறை போட்டும்கூட இந்த வேலைக்கு அனுப்பக் கூடாது.

கையால் பிடுங்குவதற்கு நேரம் உண்டு. நல்ல மழைக்குப் பிறகு மூன்றாவது, நான்காவது வாரத்தில், மண் ஈரமாக இருக்கும்போது, இலைகள் தரையோடு வட்டமாகப் படர்ந்திருக்கும் பருவத்தில் பிடித்து இழுத்தால் ஆணிவேரோடு வரும். மண் காய்ந்த பிறகு இழுத்தால் கழுத்தில் ஒடியும். ஒடிந்த இடத்திலிருந்தும், அரிவாளாலோ புல் வெட்டும் மெஷினாலோ வெட்டிய இடத்திலிருந்தும் பக்கக் கிளைகள் அடித்து, முன்பைவிடத் தாழ்வாக, சீக்கிரமாகப் பூக்கும். 'மெஷின் ஓட்டிவிட்டோம், முடிந்தது' என்று விடப்படும் காடுகளில் நடப்பது இதுதான். முழுக்கைச் சட்டை, கையுறை, மூக்கை மூட ஒரு துணி இல்லாமல் இறங்க வேண்டாம்.

பூக்கும் முன் பிடுங்கியதை எருக்குழியில் போடலாம், நல்ல பசுந்தாள்தான். பூத்துவிட்டதைப் போடக் கூடாது. ஆறிய குழியில் விதை சாகாது, அந்த எரு போகும் வயலெல்லாம் பார்த்தீனியமும் போகும். பூத்த செடியைக் களத்தில் ஒரே இடத்தில் குவித்துக் காயவிட்டு எரிப்பது மேல்.

ஒரு சுற்று போதாது. ஆடி மழைக்கு ஒரு முளைப்பு, ஐப்பசி மழைக்கு இன்னொன்று, நடுவில் பெய்யும் ஒவ்வொரு நல்ல மழைக்கும் ஒரு குட்டி முளைப்பு. முளைத்துப் பூக்க ஒரு மாதம் ஆகும் என்பதால் இரண்டு சுற்றுக்கு நடுவே 30 நாளைத் தாண்டவிட்டால் கணக்கு தப்பிவிடும். ஐந்து ஏக்கரை அரைகுறையாக ஒரு தடவை பிடுங்குவதைவிட, ஒரு ஏக்கரில் ஒரு வருடம் முழுக்க ஒரு செடியைக்கூடப் பூக்கவிடாமல் பார்ப்பது பலன் தரும்.

மருந்து என்று வரும்போது மேய்ச்சல் நிலத்துக்கும் தரிசுக்கும் உள்ள வித்தியாசத்தை மறக்கக் கூடாது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரைகளில் ஒன்று, பூக்கும் முன் லிட்டர் தண்ணீருக்கு 8 கிராம் 2,4-டி சோடியம் உப்பு. 10 லிட்டர் தெளிப்பானுக்கு 80 கிராம். இது அகன்ற இலைச் செடியைக் கொல்லும், வேர் பிடித்த புல்லை விட்டுவிடும். கிளைபோசேட் பச்சை எதையும் விடாது. பார்த்தீனியத்தோடு கொழுக்கட்டையும் கருகும், வெறும் தரை மிஞ்சும், அதில் முதலில் முளைப்பது மறுபடி பார்த்தீனியம்தான். போதாததற்கு, 2022 அக்டோபரில் மத்திய அரசு கிளைபோசேட்டைப் பயிற்சி பெற்ற பூச்சிக் கட்டுப்பாட்டுப் பணியாளர்கள் மட்டுமே பயன்படுத்தலாம் என்று கட்டுப்படுத்திவிட்டது.

2,4-டியிலும் கவனிக்க வேண்டியவை உண்டு. புல்லோடு முயல் மசால் போன்ற பயறு வகைத் தீவனமும் இருந்தால் அதுவும் சாகும். அங்கே கைக்களைதான் வழி. பக்கத்துக் காட்டில் பருத்தியோ தக்காளியோ இருந்தால் காற்றில்லாத காலை நேரம் பார்த்து, தெளிப்பு முனையைத் தாழ்வாகப் பிடித்து அடிக்க வேண்டும். பருத்தி இந்த மருந்தின் வாடையைக்கூடத் தாங்காது. புது இலைகள் குறுகி, நரம்பு நீண்டு, வெண்டை இலை போல விரல் விரலாகப் பிரியும். அப்படி ஒரு வயலைப் பார்த்தால் பல சமயம் காரணம் காற்றில்கூட இருக்காது, களைக்கொல்லி அடித்த தெளிப்பானைச் சரியாகக் கழுவாமல் அதிலேயே பூச்சி மருந்து அடித்திருப்பார்கள். களைக்கொல்லிக்கென்று தனித் தெளிப்பான் வைப்பதே நல்லது.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. 2,4-டி அடித்து வாடத் தொடங்கும் செடிகளின் சுவை மாறும். மாடு வழக்கமாக ஒதுக்கும் நச்சுச் செடியைக்கூட அந்த நாட்களில் கடிக்கும். அடித்த காட்டில் களை முழுக்கக் காய்ந்து சருகாகும் வரையும், டப்பாவில் எழுதியிருக்கும் இடைவெளி முடியும் வரையும் மாடு, ஆடு இறங்கக் கூடாது.

லிட்டருக்கு 200 கிராம் கல்லுப்பு கரைத்து, ஒட்டுவதற்கு 2 மில்லி சோப்புக் கரைசல் சேர்த்து அடிக்கும் முறையும் பரிந்துரையில் இருக்கிறது. ரோட்டோரத்துக்கும் கட்டடத்தைச் சுற்றியும் சரி. மேய்ச்சல் நிலத்துக்கு வேண்டாம். ஏக்கருக்கு 200 லிட்டர் அடித்தால் 40 கிலோ உப்பு மண்ணில் இறங்கும், குறைந்த மழையில் அது எங்கே வடியப் போகிறது? தரிசில் பார்த்தீனியத்தோடு போட்டி போட ஒரு வகை அயல் தகரையை விதைக்கச் சொல்வதும் இப்படித்தான். களையை அமுக்கும், ஆனால் மாடு தொடாத செடியைக் காடு முழுக்க வளர்த்துவிட்டு எதை மேய்ப்பது?

பூச்சி ஒன்றும் நமக்காக வேலை செய்கிறது. மெக்சிகன் வண்டு என்று சொல்லப்படும் சைகோகிராமா 1983-இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டு, அடுத்த ஆண்டு பெங்களூர்ப் பக்கம் விடப்பட்டது. வெளிர் நிற முதுகில் பழுப்புக் கோடுகள் வளைந்து ஓடும் சின்ன வண்டு. அதன் புழு மொட்டையும் குருத்தையும் தின்பதால் செடி பூக்கத் தள்ளாடும். 1990-களின் தொடக்கத்தில் சூரியகாந்தியில் இந்த வண்டைப் பார்த்தவுடன் ஒரு பெரிய பதற்றம் எழுந்து, ஆய்வுக்குப் பிறகு அடங்கியது. மழைக்காலத்தில்தான் இது பெருகும். வறண்ட மாதங்களில் மண்ணுக்குள் போய் உறங்கிவிடும். வண்டு நிறைந்த இடத்தில் மருந்து அடித்தால் அதன் தீனி போய்விடும், ஆழ உழுதால் உறங்கும் வண்டும் கெடும். ஆகவே ஓடையோரம், புறம்போக்கு போலக் கையால் எட்டாத இடங்களை வண்டுக்கு விட்டுவிட்டு, நம் காட்டைக் கையால் பார்ப்பது நல்ல பங்கீடு.

சீமைக்கருவேலம்: கட்டையும் சாணமும்

ஜமைக்காவிலிருந்து வந்த விதை 1877-இல் அன்றைய சென்னை மாகாணத்தின் கடப்பைப் பகுதியில் ஊன்றப்பட்டது. விறகுப் பஞ்சத்துக்கு மருந்தாக வந்த மரம். விறகு தரும் வேலையை இன்றும் ஒழுங்காகச் செய்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். சிக்கல் அது மேய்ச்சலுக்குள் வந்ததில்தான். குஜராத்தின் கச்சு மாவட்டத்தில் பன்னிப் புல்வெளி இதற்குப் பெரிய சான்று. 1960-களில் உப்புப் பாலை பரவாமல் தடுக்க நடப்பட்ட இந்த மரம், புல்வெளியைப் பெருமளவு விழுங்கிவிட்டது. காய் தின்று காங்கிரெஜ் மாடுகள் பாதிக்கப்பட, மால்தாரி மேய்ப்பர்கள் அதை ஓரளவு தாங்கும் எருமைக்கு மாறினார்கள். ஒரு களை ஒரு வட்டாரத்தின் கால்நடையையே மாற்றிவிட்டது.

முதலில் ஆளடையாளம். ஜேசிபி வைத்துச் சுத்தம் செய்யும் இடங்களில் வெள்வேலும் நாட்டுக் கருவேலும் சேர்ந்தே போவது வாடிக்கை. பூவைப் பார்த்தால் போதும்: சீமைக்கருவேலின் பூ கதிர் மாதிரி நீண்டு தொங்கும். நாட்டு வேல் இரண்டிலும் உருண்டைப் பூ, கருவேலுக்கு மஞ்சள், வெள்வேலுக்கு வெளிர் நிறம். பூ இல்லாத காலத்தில் பட்டை: வெள்வேலின் பட்டை வெளுத்திருக்கும். காயில் கருவேல் மணி கோத்த மாலை போல இருக்கும், சீமை நேராக மஞ்சளாகத் தித்திக்கும். வேலை தொடங்குவதற்கு முன் நிறுத்த வேண்டிய மரங்களுக்குச் சுண்ணாம்பு அடித்துவிட்டால் ஓட்டுநரோடு தகராறு இருக்காது.

தரைமட்டத்தில் வெட்டினால் இந்த மரம் சாகாது. தண்டும் வேரும் சேரும் கழுத்தில், மண்ணுக்குக் கீழே சில அங்குலம் வரை, உறங்கும் மொட்டுகள் இருக்கின்றன. வெட்டியவுடன் ஒரு தண்டுக்குப் பதில் பத்துத் தண்டு கிளம்பும். கரி மூட்டம் போடுபவர்களுக்கு வேண்டியது அதுதான், சில வருடத்துக்கு ஒரு தடவை வெட்டிக்கொள்ளலாம். இராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர்ப் பக்கம் ஒரு தொழிலே அதன்மேல் நிற்கிறது. ஆனால் 'காட்டைக் கரிக்கு விட்டுச் சுத்தம் செய்கிறோம்' என்பவர் உண்மையில் மரத்தைப் புதுப்பிக்கிறார். ஒப்பந்தத்தில் கட்டை தோண்டுவதையும் எழுதி, அது முடிந்த பிறகே கடைசித் தவணை விறகை ஏற்றவிட வேண்டும்.

தோண்டும் முறை: கட்டையைச் சுற்றி ஒரு அடி ஆழத்துக்கு மண்ணை எடுத்து, கழுத்து முடிந்து வேர் மட்டும் தொடங்கும் இடத்துக்குக் கீழே வெட்ட வேண்டும். அடிவேர் எவ்வளவு ஆழம் போனாலும் கவலையில்லை, மொட்டு அதில் இல்லை. கட்டைவிரல் பருமன் கன்றுகளை மழைக்குப் பின் கடப்பாரையால் நெம்பினால் போதும். ஜேசிபி பெரிய கட்டைகளுக்கு நேரத்தை மிச்சப்படுத்தும். ஆனால் அது மண்ணைப் புரட்டும்போது அடியில் கிடந்த விதையெல்லாம் மேலே வரும். ஜேசிபி போன காட்டில் முதல் மழைக்கு முளைக்கும் கன்றுகளை அந்த வருடமே கொத்த ஆள் இல்லையென்றால் இயந்திரத்தை அழைக்காமலே இருக்கலாம். குழிகளை அன்றன்றே மூடவும், மாட்டின் கால் முறிவதற்கு ஒரு குழி போதும்.

வெட்டியதை மறுபடி கொண்டுவருவது நம் கால்நடைதான். இனிப்புக்காகக் காயைத் தின்னும். கெட்டியான ஓட்டுக்குள் இருக்கும் விதை செரிக்காமல், முளைக்க இன்னும் தோதாகி, எருவோடு சேர்ந்து விழும். மாடு வெளியேற்றும் அளவுக்கு ஆடு முழு விதை வெளியேற்றாது, நன்றாக மெல்லும். அதற்காக ஆடு பரப்பாது என்று அர்த்தமில்லை. காய் உதிரும் பருவத்தில் சீமைக்கருவேலடியில் மேய்ந்த மாட்டைச் சுத்தம் செய்த காட்டுக்குள் நேராக விடக் கூடாது. ஒரு வாரம் பட்டியில் வேறு தீவனம் கொடுத்து, வயிற்றில் இருப்பதை அங்கேயே போடவிட்டுப் பிறகு விடலாம். அந்தச் சாணத்தைப் பச்சையாகக் காட்டில் கொட்டாமல் சூடேறும் குவியலாக மக்கவைக்க வேண்டும். வெளியூர் மந்தையைக் கூப்பிட்டுக் கிடை போடும்போதும் அவர்கள் எந்தக் காட்டிலிருந்து வருகிறார்கள் என்று கேட்பது நல்லது.

காயைத் தீவனமாக்க வழி இருக்கிறது. ஒடித்தால் 'டப்' என்று முறியும் அளவுக்குக் காயவைத்து, விதை நொறுங்கும்படி அரைத்து, கலப்புத் தீவனத்தில் ஐந்தில் ஒரு பங்குக்குள் சேர்க்கலாம். ஈரத்தோடு அரைத்தால் சர்க்கரை பிசுபிசுத்து மில் அடைத்துக்கொள்ளும். அரைத்த மாவும் ஈரம் பட்டால் பூசணம் பிடிக்கும். முழுக்காயே தீனியாக மாதக்கணக்கில் தின்ற மாட்டுக்கும் ஆட்டுக்கும் தாடைத் தசையை இயக்கும் நரம்புகள் கெட்டு, தாடை கோணி, மெல்ல முடியாமல் எச்சில் வடிய இளைத்துப் போகும். அந்த நிலைக்கு வந்த மாட்டை மீட்பது கடினம்.

ஊர்ப் பொது மேய்க்கால் புறம்போக்கு என்றால் மரத்தில் கை வைக்கும் முன் வருவாய்த் துறையிடமும் ஊராட்சியிடமும் எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும். தமிழ்நாடு அரசு 2022-இல் அயல் ஆக்கிரமிப்புத் தாவரங்களை அகற்றவும் நிலத்தை மீட்கவும் தனிக் கொள்கை வெளியிட்டிருக்கிறது. அதை மேற்கோள் காட்டி மனு எழுதலாம்.

உண்ணிச்செடி: தலைகீழாகப் போடு

பர்கூர், சத்தியமங்கலம், மசினகுடிப் பக்கம் காட்டு மேய்ச்சலை மூடியது இது. அழகுச் செடியாக வந்து 200 ஆண்டுகளுக்கு மேலாகிறது. இலையில் உள்ள லேன்டடீன் என்ற நஞ்சு ஈரலைத் தாக்கும். பழகிய மாடு ஒதுக்கும். புதிதாக வாங்கி வந்த மாடும் கோடையில் பசித்த மாடும்தான் மாட்டிக்கொள்ளும். தீனி எடுக்காது, சாணம் இறுகும், கண் மஞ்சளாகும். பிறகு வெயில் பட்ட இடத்தில் தோல் சிவந்து வெடிக்கும், அதுவும் வெள்ளைத் தோலில் முதலில். செம்மையும் வெள்ளைத் திட்டும் கலந்த பர்கூர் மாட்டில் வெள்ளைத் திட்டுகளையும் மூக்கையும் மடியையும் பார்த்தால் தெரிந்துவிடும். அசைபோடும் வயிறு நின்றுவிடுவதால் நஞ்சு உள்ளேயே தங்கி மேலும் மேலும் ஏறும். நிழலில் கட்டிவிட்டு உடனே மருத்துவரை அழைக்க வேண்டும். செயலூட்டிய கரித்தூளை அவர் குழாய் வழியாக உள்ளே செலுத்துவார். காலம் தாழ்ந்தால் அதுவும் பலிக்காது.

எரித்தாலும் வெட்டினாலும் இது அடியிலிருந்து துளிர்க்கும். தில்லியில் சூழலியலாளர் சி. ஆர். பாபு தலைமையில் உருவான முறை எளிமையானது: மண்வெட்டியால் தரைக்குக் கீழே 3 முதல் 5 சென்டிமீட்டரில் ஆணிவேரைத் துண்டித்து, புதரை அப்படியே தூக்கித் தலைகீழாகப் போடுவது. துளிர்க்கும் கழுத்து மேலே வெயிலில் காயும். நேராகப் போட்டால் ஈரத்தில் மறுபடி வேர்விடும். பழம் பிடிக்கும் முன் செய்ய வேண்டும். பறவைகள் உட்காரும் மரங்களின் அடியில்தான் கன்று திரளாக முளைக்கும் என்பதால் அடுத்த இரண்டு மழைக்காலம் அந்த இடங்களை மட்டுமாவது சுற்றி வர வேண்டும்.

காலி இடத்தில் எதை வைப்பது

சப்பாத்திக் கள்ளி தென்னிந்தியாவில் காணாமல் போனது 1926-இல் இலங்கையிலிருந்து கொண்டுவந்த ஒரு செதில் பூச்சியால். அந்த மாதிரி ஒரே அடியில் முடிக்கும் பூச்சி மேலே சொன்ன மூன்றுக்கும் கிடைக்கவில்லை. கிடைக்கும் வரை காவல் புல்தான்.

ஏக்கருக்கு இரண்டரை முதல் மூன்று கிலோ கொழுக்கட்டை விதை. புது விதை வேண்டாம். அறுத்து ஆறேழு மாதம் ஆன விதைதான் நன்றாக முளைக்கும். விதை பஞ்சு போல ஒன்றோடொன்று ஒட்டும், ஈர மணலில் பிசறி, 50 சென்டிமீட்டர் இடைவெளி வரிசையில், அரை அங்குலத்துக்கு மேல் ஆழம் போகாமல் தூவி லேசாக மூட வேண்டும். இதில் தோற்பவர்கள் பெரும்பாலும் ஆழத்தில் போட்டவர்கள், அல்லது காய்ந்த மண்ணில் முன்கூட்டியே தூவி எறும்புக்குக் கொடுத்தவர்கள். பக்கத்துக் காட்டில் நல்ல தூர் இருந்தால் மழை நாளில் பிரித்து நடுவது இன்னும் உறுதி. கூடவே முயல் மசால் போடுவதானால் விதையை 80 டிகிரி வெந்நீரில் 4 நிமிடம் வைத்து, இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்துப் போட வேண்டும். அடர்ந்த சீமைக்கருவேல் நின்ற இடத்தில் முதல் வருடம் புல் தயங்கும், சருகை வாரி அப்புறப்படுத்தினால் சீக்கிரம் பிடிக்கும்.

முதல் பருவத்தில் மேய்க்காமல் விதை உதிரவிடுங்கள். பிறகு புல் முழங்காலைத் தொடும்போது விட்டு, ஒரு சாண் உயரத்துக்குக் கீழே போகும் முன் மாட்டை அடுத்த காட்டுக்கு மாற்ற வேண்டும். கிளுவை வேலியால் துண்டு துண்டாகப் பிரிந்த கொரங்காட்டில் இது முடியும். வேலியில்லாத புறம்போக்கில் முடியாது. அங்கே களை எடுப்புத் திட்டங்கள் தோற்பதற்குச் செடியைவிட இதுதான் பெரிய காரணம் என்பது எங்கள் கணிப்பு.

ஒரு வேடிக்கை: நாம் விதைக்கச் சொல்லும் இதே கொழுக்கட்டை இனம் ஆஸ்திரேலியாவில் பல இடங்களில் களை. குயின்ஸ்லாந்து புல்வெளிகளை நம்மூர்க் கருவேல மரம் மூடிவிட்டு, அதைத் தின்னும் பூச்சியைத் தேடி அவர்கள் கோயம்புத்தூர் வன மரபியல் நிறுவனத்தோடு சேர்ந்து தமிழ்நாட்டில் ஆய்வு செய்தார்கள். செடியைவிட இடம்தான் களையை உண்டாக்குகிறது போலும்.

சுத்தம் செய்த காட்டில் நான்கு இடங்களை ஒவ்வொரு மழைக்குப் பின்னும் முதலில் பார்க்க வேண்டும்: மாடு நுழையும் படல், தண்ணீர்த் தொட்டியடி, கிடை போட்ட இடம், ரோட்டை ஒட்டிய வேலி. புதுச் செடி அங்கேதான் முதலில் தலைகாட்டும். பத்து செடியாக இருக்கும்போது ஒரு ஆள் அரை மணி நேரத்தில் முடித்துவிடலாம்.